கொடியில் ஒரு துளை

நிலம் கேட்டுப் போன முதல் ஊர்வலத்தில், செங்கமலம் பிடித்திருந்த கொடியைத் துளைத்துக்கொண்டுதான் தோட்டா அவள் நெஞ்சில் பாய்ந்தது. அதன்பின் சங்கம் எத்தனை கொடி தைத்தாலும், அன்று அவளுக்குப் பக்கத்தில் நடந்த ராக்காயிதான் அதே இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துணியை வெட்டிவிடுவாள். காற்றடித்தால் துளை விசிலடிக்கும். கூட்டம் கப்சிப் என்றாகிவிடும். சங்கம் கட்சியானது, கட்சி ஆட்சிக்கு வந்தது. இந்த வருஷக் கொடி அச்சகத்திலிருந்து வந்தது. துளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டத்தை அச்சடித்திருந்தார்கள்.

"ஓட்டை போட்டா கிழிஞ்சிரும்க்கா. பாக்க அதே மாதிரிதான இருக்கு?" என்றார் செயலாளர்.

"விசில் வராதேப்பா," என்றாள் ராக்காயி.

கட்சி அலுவலக முற்றத்தில் கொடி ஏறியது. படபடத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் விசில் கேட்டது. ராக்காயி அண்ணாந்து பார்த்தாள், அங்கிருந்து இல்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நிலம் கேட்டு வந்து நின்ற கூட்டத்தில், ஒரு பெண் பிடித்திருந்த கொடியிலிருந்து வந்தது.

செயலாளர் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ராக்காயி கேட்டருகே போய் அந்தக் கொடியை உற்றுப் பார்த்தாள்.

அதில் இன்னும் துளை விழவில்லை.