கிளிஞ்சல்

என் சம்சாரம் பாவாயி விழவில்லை. கோழிப் பட்டியில் தீவனச் சட்டியைத் தூக்கக் குனிந்தாள், இடுப்பில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். எலும்பு சல்லடையாக இருந்தது.

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை போன வருசமே எழுதிக் குடுத்தேனே, சாப்பிட்டாங்களா?"

நான்தான் தூக்கி எறிந்தேன். மாத்திரை விற்கிறவன் பேச்சை நான் நம்புகிறதில்லை.

"எந்திரிச்சு நடப்பாளா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம் பெரியவரே. சத்துப் பத்தலைன்னா உடம்பு எலும்பைக் கரைச்சுத்தான் எடுத்துக்கும். இந்த வயசுல கரைஞ்சது திரும்ப ஊறாது."

இது எனக்குத் தெரியும். தீவனத்தோடு கிளிஞ்சல் வைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் முட்டைக்கு ஓடு கட்டும். ஒருநாள் கால்களை மடக்கி உட்கார்ந்துவிடும், பிறகு எழாது. அதற்குப் பயந்தே முப்பது வருசமாக ஒரு சாயங்காலம் தவறாமல் கிளிஞ்சல் இடித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஐந்து பிள்ளை பெற்றவள் கட்டிலில் கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்க, கோழிக்குக் கிளிஞ்சல் வெச்சீங்களா?"