காது உயரம்

ஸ்பீக்கர் பெட்டிகளை, பாட்டுக் கேட்பவரின் காது உயரத்துக்குத்தான் நான் எப்போதும் வைப்பேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளி குமரகுரு, தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே வைக்கச் சொன்னார்.

"தரையில வெச்சா காதுக்கு சரியா வராதுண்ணா."

"வரும்பா. நீ வை."

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு பாயை விரித்தார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். நாதஸ்வரம் கணீரென்று வந்தது.

"இன்னும் ஏத்து."

ஏற்றினேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"இன்னும் ஏத்துபா!"

"ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்ணா. வீட்டுக்குள்ளயே திருவிழா நடத்தப் போறீங்களா?"

"கிழிஞ்சா கிழியட்டும். இன்னிக்கு எப்படியாவது கேட்டாகணும்." கையெடுத்துக் கும்பிட்டார்.

முழுவதும் திருகினேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் வந்து திட்டினார். குமரகுரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவி ஏலவார்குழலி, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்து அந்தப் பாயில் கிடத்தினார்.

குமரகுரு என் காதருகே குனிந்து கத்தினார்:

"பக்கத்துல தறி அடிக்கச்சொல்லகூட முழிக்காது. தறிக்காரன் புள்ள, சத்தத்துக்குப் பழகிடுச்சுன்னு தெருவெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்பா."

பெட்டிகள் சரியாகக் காது உயரத்தில்தான் இருந்தன.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.