பூட்டிக் கிடந்த பின்னறை

"மூணாவது தடவை வர்றீங்க! காலைல தண்ணி ஏத்துறேன், சாயங்காலத்துக்குள்ள பாய்லர் பிரஷர் இறங்கிடுது. வீடு சூடாகாம கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்குறோம். வேலை தெரிஞ்சுதான் வர்றீங்களா?"

ஸ்வான்சீ ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் கிளெனிஸ். மெக்கானிக் இவானுக்கும் கோபம் வந்துவிட்டது.

"பாய்லர்ல கோளாறே இல்ல மேடம். வீட்டுக்குள்ள எங்கேயோ தண்ணி ஒழுகுது. அந்தப் பின்னறையை மட்டும் நீங்க ரெண்டு தடவையும் திறக்கல."

"அங்க யாருமில்ல. சும்மா பூட்டிக் கிடக்கு."

"பாய்லர் தண்ணி ஓடுற ரேடியேட்டர் அங்கயும் இருக்குல்ல? திறங்க."

முணுமுணுத்தபடி திறந்தாள். இவான் வெறும் கட்டிலை நகர்த்திவிட்டு டார்ச் அடித்தான். ரேடியேட்டர் வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார்பெட் ஊறிப்போயிருந்தது.

"இப்பதான் அதிகமாயிருக்கு. ஆனா துருவைப் பாத்தா ரெண்டு வருஷமா கசிஞ்சிருக்கு மேடம். கட்டிலுக்குக் கீழ தினமும் ஈரமா இருந்திருக்குமே, கவனிக்கலயா?"

கவனித்திருந்தாள். தினமும் காலையில் அந்த ஈரத்தைப் பார்த்துத்தான் கத்தினாள். கத்திக் கத்தி அலுத்துப்போய், போன அக்டோபரில் அப்பாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள்.

காரில் ஏறும்போதும் அவர் கோபத்தோடு சொன்னார்: "சத்தியமா நான் நனைக்கலடி!"