முன்சக்கரம்

காலை வெயில் நடையில் நீளமாக விழுந்து கிடக்கிறது. அக்கா தன் சைக்கிளின் முன்பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிறாள். சக்கரம் சட்டை செய்யாமல் தள்ளாடிச் சுற்றுகிறது. அது அவளுடைய சக்கரமே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பி தன் கோணல் சக்கரத்தை இதில் மாட்டிவிட்டு, அவளுடையதைத் தன் சைக்கிளுக்குக் கழற்றிக்கொண்டான். இதன் ரிம் சிறியது, டயர்தான் தடிமன். பிரேக் கட்டைகள் ரிம்மைத் தொடாமல் டயரைச் சும்மா தடவிக்கொடுக்கின்றன. பின்பிரேக்கோ என்றைக்குமே பேருக்குத்தான். “ரெண்டு டயர்லயும் இருபத்தாறுன்னுதானேக்கா போட்டிருக்கு, எனக்கென்ன தெரியும்,” என்கிறான் தம்பி, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி டீயை ஊதிக்கொண்டே. அவள் குனிந்து அவன் சைக்கிளைப் பார்க்கிறாள். அங்கே அவளுடைய பெரிய ரிம்முக்குத் தோதாகக் கட்டைகள் இரண்டும் மேலே ஏற்றப்பட்டுக் கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பேனர் பட்ட இடம் புதிதாகப் பளபளக்கிறது. அவளுக்குச் சுர்ரென்று கோபம் உச்சந்தலைக்கு ஏறுகிறது.

“தெரியாமத்தான் உன்னோடதுல மட்டும் ஏத்தி வச்சியா?”

தம்பி டம்ளருக்குள் பார்க்கிறான். சமாதானம் பண்ண அம்மா ஈரக்கையோடு வருகிறாள். “காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. அவனுக்கு இன்னைக்குச் சைக்கிள் பந்தயம். நீ வேலைக்குத்தானே போற, ஒரு நாள் மெதுவா ஓட்டிட்டுப் போயேன்.”

அக்கா சைக்கிளை வாசலுக்கு உருட்டிப் போய், பின்னால் கேரியரைத் துப்பட்டாவால் அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். “அப்போ ஏறும்மா. பாலத்து இறக்கத்துல இறங்கும்போது நீயும் கூட இரு.”

அம்மா வாசற்படியில் வைத்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.