உருவாக்கியவர்

"இதை எழுதுன ஆளு மட்டும் கைல மாட்டுனான், அன்னிக்கு கீது அவனுக்கு," என்றார் டீம் லீடர் கிரண்.

திரையில் இருந்தது ஒரு குட்டி புரோகிராம் லைப்ரரி. தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தரும். யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சின்ன அலுவலகம் தன் ஆப்புக்கு அதைத்தான் நம்பியிருந்தது; வேலை விளம்பரத்திலும் அதன் பெயர் இருந்தது. சர்வரை மாற்றியதிலிருந்து அது பில்ட் ஆகவில்லை, ஓடும் வடிவத்துக்கு வரவில்லை. இன்டர்வியூவுக்கு வந்திருந்த கங்காதரனுக்கு அதையே சோதனையாக வைத்துவிட்டார்கள். பில்ட் ஃபைலைச் சரிசெய்து ஓடவிட வேண்டும். ஓடினால் வேலை.

எட்டு மாதத்தில் இது அவனுக்குப் பதினான்காவது இன்டர்வியூ.

"பாரு, அவன் கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் எங்க கீதோ அப்டியே எழுதி வச்சிகிறான். அவன் ஊட்டுல மட்டும்தான் ஓடும் இது."

கங்காதரனின் காதுமடல் சுட்டது. பாரிவாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள், பக்கத்தில் இருந்த அலுவலகப் புரோகிராமர் கிருஷ்ணப்பிரியா ஃபைலின் தொடக்கத்துக்குப் போய்விட்டாள். "ஆளு யாருன்னு பாருங்க கிரண். உருவாக்கியவர், வேம்புலியம்மாள்."

"இன்னாது?" கிரண் நாற்காலியோடு உருண்டு வந்தார். "ஆடி மாசம் கூழ் ஊத்துற ஆயாவா கோடு எழுதிச்சு?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு, அவனும் சிரிக்கிறானா என்று கங்காதரனைப் பார்த்தார்கள்.

"கூழ் கரைச்ச கையோட வந்து டைப் பண்ணியிருக்கும் சார்," என்றான் அவன்.

இந்த முறை சிரிப்பு பக்கத்து அறை வரை கேட்டது. கிரண் அவன் முதுகில் தட்டினார். "ஜாலியான ஆளுதான்பா நீ."

ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைக்குள் இறங்கிப்போனது.

வேலையில் குனிந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த வரி எங்கே என்று தேடாமலே மாற்றிக்கொண்டு போனான்.

"ஏற்கெனவே பார்த்த மாதிரி பண்றீங்களே?" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"இல்ல மேடம். சும்மா, ஒரு பழக்கம்."

"அப்டியே அந்தப் பேரையும் தூக்கிடுபா," என்றார் கிரண். "கிளையன்ட் பார்த்தா நம்ம மானம் போயிடும்."

"லைசென்ஸ்படி எழுதினவங்க பேரை எடுக்கக் கூடாது கிரண்."

"அந்த ஆயா பஸ் ஏறி வந்து கேக்கப் போவுதா? நீ தூக்குபா."

கங்காதரனின் விரல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். கடைசியில் 'வே' மட்டும் மிஞ்சியது. அதையும் அழித்தான்.

பில்ட் ஓடியது. பச்சை விழுந்தது.

"முடிஞ்சது. நாளைலேர்ந்து வந்துடு," என்ற கிரண், ஆட்சேர்ப்பைப் பார்க்கும் ரேஷ்மாவைக் கூப்பிட்டார். அவள் லேப்டாப்போடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா பேரு?"

"கன்னியப்பன்."

"அம்மா பேரு?"

கங்காதரனின் கண் திரைக்குப் போனது. அங்கே 'உருவாக்கியவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னாபா, பெத்தவ பேரு கூடவா மறந்துபோச்சு?" என்றார் கிரண்.

"வேம்புலியம்மாள்," என்றான் அவன், தலை நிமிராமல். "காலேஜ் படிக்கசொல்ல நான் எழுதுனது சார். மொத மொதல்ல எழுதுனதாச்சேன்னு எங்கம்மா பேரைப் போட்டுகினேன்."