பஸ் வராத இடத்தில் நிழற்குடை

"இந்த வருசமும் ரோடு கெடையாதும்மா. அந்தப் பணத்தெல்லாம் கூட்டணிக் கட்சிக்காரன் வார்டுக்குப் பேசி முடிச்சிட்டாங்க. வேற இன்னா வேணும், சொல்லு" என்றார் கவுன்சிலர் செங்கல்வராயன்.

தினமும் முழங்கால் சேற்றில் நடந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போகிற மெர்சி யோசிக்கவே இல்லை.

"காலனி கடைசில ஒரு பஸ் நெழற்குடை கட்டிக் குடுண்ணா. அமைச்சர் போட்டோ பெருசா இருக்கணும். அவரே வந்து தொறக்கணும்."

கவுன்சிலருக்கு வாயெல்லாம் பல். கான்ட்ராக்ட் எடுக்க மச்சான் வீட்டிலேயே இருந்தான்.

அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு எல்லம்மா பாய்ந்தாள். "லூசாடி நீ? இந்தச் சேத்துல ஆட்டோவே வராது. பஸ் எங்கேந்து வரும்?"

மெர்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

நிழற்குடை எழுந்தது. திறப்பு விழா நெருங்கியதும் ஜல்லி லாரிகளும் ரோடு ரோலரும் திமுதிமுவென்று வந்து இறங்கின. மெயின் ரோட்டிலிருந்து நிழற்குடை வாசல் வரைக்கும் பளபளவென்று தார் ரோடு.

எல்லம்மா வாயைப் பிளந்தாள். "இன்னாடி இது?"

"பின்ன, அமைச்சர் காரு சேத்துலயா வரும்?" என்று சிரித்தாள் மெர்சி. "சுடுகாட்டுக்குத்தான்க்கா இன்னும் ரோடு இல்ல. அடுத்த வருசம் அங்க ஒரு நெழற்குடை கேட்டுடலாம்."