துடுப்பில் வைத்த காது

தொம்மை துடுப்பின் ஒரு முனையைக் கடலுக்குள் செருகி, மறுமுனையில் காதை வைத்திருந்தார். அடியில் கத்தாளை மீன்கள் தவளைகளைப் போலக் கத்திக்கொண்டிருந்தன. பாறையில் சிக்கிய வலையை விடுவிக்க, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவர் தம்பி இன்னாசி முங்கியிருந்தான். திடீரென்று சத்தம் மொத்தமும் நின்றது. பெரிய சுறா நெருங்கினால் அவை அப்படித்தான் வாயடைத்துப்போகும்.

“கொர்நேலி, கயித்த இழுடே!”

“போன வாரமும் இதத்தான சொன்னீரு அண்ணே? அவசரமா மேல தூக்குனோம். சுறாவுமில்ல, கிறாவுமில்ல. இன்னாசி நம்மள ஏசுனதுதான் மிச்சம்,” என்று படகின் மறுகோடியில் இருந்த கொர்நேலி சிரித்தான்.

தொம்மைக்கு முகம் சுண்டிவிட்டது. எதற்கும் இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்று குனிந்தார். அப்போது படகில் சுருண்டுகிடந்த கயிறு, எந்த மனிதனும் நீந்த முடியாத வேகத்தில், ஆழ்கடல் பக்கமாக ஓடத் தொடங்கியது.